துரை தொடாத தேர்வடம்

அடியே தோழர்,

அக்குறணையில் ஒரு கயிற்றுக் கடைக்குள் நுழைந்ததும் புதுத் தும்பின் வாசம் முகத்தில் அடித்தது. உடனே உன் ஞாபகம். அப்படியே நின்றுவிட்ட என்னைப் பார்த்துக் கடைக்கார முஸ்லிம் நானா, "என்னத்துக்குக் கயிறு, மாடு கட்டவா?" என்றார். "தேருக்கு நானா" என்றேன். "அப்ப இத எடுங்க தங்கச்சி. எத்தின பேர் இழுத்தாலும் அறாது" என்று தடித்த ஒன்றை எடுத்துப் போட்டார். இப்போது ஊருக்குப் போகும் மடுல்கெல்ல பஸ்ஸில் அது என் காலடியில் சுருண்டு கிடக்கிறது. எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்.

செத்துப்போனவளுக்கு மடலா என்று நீ சிரிப்பாய். சாமியையும் நம்பமாட்டாய், ஆவியையும் நம்பமாட்டாய். ஆனால் தேர்த் திருவிழா என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாய். கேட்டால், "சனம் இருக்கிற எடத்துலதான்டி கட்சி இருக்கணும்" என்பாய்.

கண்டி டவுனில் புடவைக் கடை வேலைக்குப் போனவள், ஒரு சின்ன இடதுசாரிக் கட்சியில் சேர்ந்து, பை நிறையத் துண்டுப் பிரசுரங்களோடு நம் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தாய். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பிரட்டுக்களத்தில்தான் உன் முதல் பேச்சு. உற்பத்தி உறவுகள், வர்க்க முரண்பாடு, கருத்தியல் மேலாதிக்கம். கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் கொட்டாவி விட்டார்கள். "நல்லாத்தான் பேசுது புள்ள, என்னன்னுதான் வெளங்கல" என்றார் என் அப்பா. வழியெல்லாம் நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். நம் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று எதிர் மலையைக் காட்டினாய்.

"அந்த மல தானா வந்துச்சு. இந்த லயம் தானா வரலடி. ஒருத்தன் கட்டுனான். கட்டுனத மாத்தலாம்."

"இத அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்றேன். அதற்குப் பிறகுதான் நீ உண்மையிலேயே பேசக் கற்றுக்கொண்டாய் என்று நினைக்கிறேன்.

நம் தோட்டத்தில் அம்மன் தேரின் வடத்தைத் துரைதான் முதலில் தொட வேண்டும். மனேஜரை இன்றும் அப்படித்தானே சொல்கிறோம். வெள்ளைக்காரர் தொட்டார், அவர் போனபின் அவருடைய பங்களாவுக்கு யார் யார் வந்தார்களோ அவர்கள் எல்லாம் தொட்டார்கள். துரை தொடாமல் இழுத்தால் அச்சு முறியும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். நானும் அதை நம்பினேன்.

அந்த வருடம் துரை வரத் தாமதமானது. பங்களாவில் விருந்தாளிகளாம், சாப்பாடு முடிந்து வருவாராம். அம்மனைத் தேரில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். தப்படித்தவர்கள் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஹுன்னஸ்கிரியப் பக்கம் வானம் கறுத்தது. அப்பாதான் கோயில் தலைவர். துரையின் முகம் கோணினால் திருவிழா லீவும் போகும், சாமான் ஏற்றத் தோட்டத்து லொறியும் கிடைக்காது என்று அவருக்குப் பயம். நீ ஒரு கல்லின்மேல் ஏறினாய். கட்சிச் சொல் ஒன்றுகூட உன் வாயில் வரவில்லை.

"இந்தத் தேர யாரு கட்டுனா?"

"நாங்க" என்றார்கள் சிலர்.

"இழுக்கப் போறது?"

"நாங்கதான்."

"அப்ப அவரு தொடுறது எதுக்கு?"

"வழக்கம்மா" என்றார் அப்பா, கெஞ்சுகிற குரலில்.

"அந்த வழக்கத்த அம்மன் வச்சாளா, பங்களா வச்சிச்சா?"

யாரும் வடத்தின் பக்கம் வரவில்லை. நீ இறங்கி வந்து, தன்னந்தனியாக வடத்தைப் பிடித்து இழுத்தாய். தேர் நகருமா? சிரித்தார்கள். "அச்சு முறிஞ்சா நீதான் பொறுப்பு" என்று ஒருவர் கத்தினார். நான் வந்து உன் பின்னால் பிடித்தேன். அப்போது அப்பா நம்மை நோக்கி வந்தார். அறையத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, வடத்தைப் பிடித்து, "மழ வருது, இழுங்கப்பா!" என்றார். அவ்வளவுதான், மொத்த சனமும் பாய்ந்தது. அச்சு முறியவில்லை.

ஜீப் வந்தபோது தேர் மேல் லயத்து வளைவைத் தாண்டியிருந்தது. துரை இறங்கி, ஓரமாக நின்று திருநீறு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருடம் லொறி வரவில்லை. பல்புச் சரங்களை நாமே தலையில் சுமந்தோம். அதற்குமேல் குடி ஒன்றும் முழுகிப்போகவில்லை.

உனக்குத்தான் மனம் ஆறவில்லை. "மழைக்குப் பயந்துதானடி இழுத்தாங்க" என்று வருடக் கணக்காகப் புலம்பினாய். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அதையே சொன்னாய். "இழுத்தாங்கல்ல" என்று நானும் வழக்கம்போலச் சொன்னேன். நீ சிரித்தாய். அவ்வளவு சீக்கிரம் போய்விட்டாயே என்று எனக்கு இன்றும் உன்மேல் கோபம்தான்.

சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இப்போது எந்தத் துரையும் வடத்தைத் தொட வருவதில்லை. ஆனால் இந்த வருட நோட்டீசில் ஓர் அரசியல்வாதியின் பெயரைப் போட்டு, அவர்தான் வடம் தொட்டுத் தொடங்கி வைப்பார் என்று அச்சடித்துவிட்டார்கள். "அவரு வந்தா ரோடு கெடைக்கும் அக்கா" என்கிறார் கோயில் செயலாளர். "தேர யாரு தம்பி கட்டுனா?" என்று கேட்டேன். பிறகு, "வரட்டும். எல்லாரோடயும் சேர்ந்து புடிக்கட்டும். அவருக்காக நிக்க மாட்டோம்" என்று கோயில் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பெண்கள் அத்தனை பேரும் என் பக்கம்.

நாளைக்குத் தேர். நீ தனியாகப் பிடித்த அந்த முதல் இடத்தில் நான் நிற்பேன், பயம் துளியும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வானம் பளிச்சென்று இருக்கிறது. இந்தத் தடவை மழை வரத் தேவையில்லை, தோழர்.