கால்மாட்டுப் படுக்கை

மச்சான்,

இன்று உன் படுக்கையில் வேறொருவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. டயாலிசிஸ் வார்டில் ஒரு மெஷினை எத்தனை நாள்தான் சும்மா வைத்திருப்பார்கள்? ஆனாலும் கதவைத் திறந்து அந்த ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் என் கண் தானாக ஜன்னலோரம் போயிற்று. அங்கே நீ இல்லை. வெள்ளை மீசைக்காரப் பெரியவர் ஒருவர், ஊசிக்குப் பயந்து கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்காதே.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றோடு நிறுத்திக்கொள்வது என்ற முடிவோடுதான் காலையில் எங்கள் ஊர் குடிகாட்டில் பஸ் ஏறினேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த மெஷினை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் இது என்ன வாழ்க்கை? வாரத்தில் மூன்று நாள் இந்தக் கட்டில், மற்ற நாளெல்லாம் அந்தக் களைப்பு. தண்ணீருக்கு அளவு, பழத்துக்குத் தடை. பண்ருட்டியில் ஒரு கல்யாணம் என்றாலும் மெஷினிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஆயுள் தண்டனைக்காரனுக்காவது பரோல் கிடைக்கும்.

நான் எப்படி இருந்தவன் என்று உனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பேன். பையில் வேதாகமத்தோடு சைக்கிளில் சுற்றியவன். எந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் அங்கே போய் ஜெபித்தவன். கிறிஸ்மஸ் பவனியில் முதல் குரல் என்னுடையது. நோய் வந்ததும் போதகர் வீட்டுக்கே வந்து, இனி நீங்கள் ஓய்வெடுங்கள், ஜெபத்தில் எங்களைத் தாங்கினால் போதும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு வேலையை விட்டு நீக்கியது போலிருந்தது. மேசியாவுக்கு ஓடி ஓடிச் செய்ததில்தான் என் விசுவாசம் உயிரோடு இருந்தது. ஓட்டம் நின்றதும் அதுவும் படுத்துக்கொண்டது.

இந்த வார்டுக்கு வந்த முதல் நாளே உன்னிடம் மாட்டிக்கொண்டேன். இடம் போதாமல் சுவரோரம் இரண்டு கட்டில்களைக் கால்மாடும் கால்மாடும் ஒட்டினாற்போல் போட்டிருந்தார்கள். நான்கு மணி நேரமும் உன் முகத்தை நானும் என் முகத்தை நீயும் பார்த்தாக வேண்டும். "பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒக்கார வச்சிருக்கான் பாரு" என்றாய். பரங்கிப்பேட்டை ஐஸ் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவன், ஒரு மடக்குத் தண்ணீருக்கு ஏங்குகிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அன்று நான் சிரிக்கவில்லை. ஊழியம் போய்விட்டதே என்று புலம்பினேன். நீ என் இடது கையில் குத்தியிருந்த ஊசிகளைப் பார்த்தாய்.

"கையத்தான மச்சான் கட்டி வச்சிருக்கான். வாயக் கட்டலியே."

நீ யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை. படுத்த இடத்திலிருந்தே ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாய். நர்ஸம்மா பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, உங்கள் ஊரிலிருந்து டயாலிசிஸுக்கு வரும் பாயின் மகன் துபாயிலிருந்து பேசினானா என்று கேட்பாய். பாயும் உனக்காக துவா செய்வதாகச் சொல்வார். அதுதான் உன் ஊழியம் என்பது உடனே புரியவில்லை. பேச்சுக்கு ஆள் பிடிக்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாய். மெஷின் இல்லாத நாளில் போனதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. அதற்குப் பிறகு நான் ஜெபிக்கவில்லை மச்சான். முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. உனக்குக் கட்டாத வாய் எனக்குத் தானாகக் கட்டிக்கொண்டது.

புதியவருக்கு அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்பு இருக்கிறதாம். இங்கே சிதம்பரத்தில் மகள் வீட்டில் தங்கி வருகிறார். ஊசி போட்ட டெக்னீஷியன் பையனிடம், "இத்தோட போதும்பா. இனிமே நான் வரமாட்டேன்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் முடிவை அவர் வாயால் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி மணி நேரத்தில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உடம்பில் நீர் இறங்க இறங்க அப்படித்தான் இழுக்கும், நாம் படாததா? மனிதர் துண்டைக் கடித்துக்கொண்டு முனகினார். டெக்னீஷியன் அந்தக் கோடியில் மயங்கிப்போன ஓர் அம்மாவோடு போராடிக்கொண்டிருந்தான். நான் கூப்பிட்டேன், இதோ வருகிறேன் என்றான், வரவில்லை.

எனக்கு முதன்முதலில் அப்படி இழுத்தபோது நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கட்டில் கம்பிக்கு மேலே காலைத் தூக்கி, உன் உள்ளங்காலை என் உள்ளங்காலில் வைத்து, விரல்கள் பின்னால் மடங்கும்படி அழுத்தினாய். வலி விடும்வரை காலை எடுக்கவில்லை. ஒருவர் கால் இன்னொருவர் மேல் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற ஊர்க்காரன் நான், கூசிப்போனேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய்: "கர்த்தரு சீஷன் காலக் கழுவி உட்டாரு. நமக்கு எட்டுறது இவ்ளோதான்."

பெரியவருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது அதிகம் இருக்கும். என் கால் அவர் மேல் படலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். அப்புறம், "ஐயா, கால நீட்டுங்க. என் கால் படும், தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். நீட்டினார். தோப்பில் செருப்பில்லாமல் நடந்து காய்த்துப்போன கால். என் உள்ளங்காலால் அழுத்தினேன். இடது கை அசைந்ததும் என் மெஷின் கத்தத் தொடங்கியது, கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். கர்த்தாவே, கர்த்தாவே என்று யாரோ சொல்வது கேட்டது. என் வாய்தான். பெரியவருக்காகச் சொன்னேனா எனக்காகவா என்று தெரியவில்லை. அவர் கால் மெல்லத் தளர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ போனதற்கு நான் அழுதது இன்றுதான்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இது எல்லா நாளும் இப்படித்தான் இழுக்குமா என்று கேட்டார். எல்லா நாளும் இல்லை, போகப் போகக் குறையும் என்றேன். மறுபடி கேட்டார்.

"தம்பி, வியாழக்கெழம நீங்க இங்க இருப்பீங்களா?"

வருவதா வேண்டாமா என்றுதான் அவர் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. இல்லை என்றால் அவரும் வரமாட்டார். இருப்பேன் என்றால் நான் அகப்பட்டுக்கொள்வேன். ஜன்னலைப் பார்த்தேன், மெஷினைப் பார்த்தேன். ஓய்வு கொடுத்துவிட்டார் என்று நான் நினைத்திருந்த என் எஜமான் கர்த்தர், ஓடவும் முடியாத இடத்தில் கட்டிப்போட்டு வேலை வாங்குகிறார். எனக்கு அவர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் கோபித்துக்கொள்ளவாவது அவர் இருக்கிறார்.

"இருப்பேன் ஐயா" என்றேன்.

வார்த்தை கொடுத்துவிட்டேன் மச்சான். வியாழக்கிழமை பஸ்ஸுக்குப் போக வேண்டும்.