ஹாச்சிமான் கோயில் கல்

அன்புள்ள மகளுக்கு,

சொல்ல வந்தவை மூன்று.

1. நீ கேட்ட கல்லை இத்துடன் அனுப்புகிறேன்.
2. அதை எடுக்க எனக்கு ஏன் இரண்டு நாள் ஆனது.
3. ஹாச்சிமான் நம்மை ஏமாற்றிய கடவுள்.

போன முறை குழந்தை தங்கவில்லை. இம்முறை கோயில் கல்லைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள நீ நினைப்பது நியாயமே. "அவர் போருக்கு மட்டுமா சாமி? பிள்ளைப்பேறுக்கும் அவர்தானேப்பா" என்று நீ கேட்டபோது எழுந்து போனேன். உன் அண்ணன் போரில் இறந்தபின் அந்தக் கோயிலுக்கு நான் போனதேயில்லை.

இப்போது போன முதல் நாள் முழுவதும், பிறந்த பிள்ளைகளின் பெயரெழுதி வைத்த கற்களின் குவியலில் அண்ணனின் கல்லைத் தேடினேன். அவன் பிறந்ததும் தெத்சுரோ என்று எழுதி நானே வைத்தது. மறுநாளும் தேடினேன். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள், "என்ன வாத்தியாரே, கத்திரிக்காயா பொறுக்குறீங்க? எல்லாம் யாரோ பெத்த பிள்ளைங்கதான், ஒண்ண எடுங்க" என்றாள். கைக்கு வந்ததை எடுத்தேன். சுமியே என்று எழுதியிருக்கிறது. பிரசவம் ஆனதும், உன் குழந்தையின் பெயரெழுதிய இன்னொரு கல்லோடு இதையும் திருப்பி வைக்க வேண்டும், மறவாதே.

கல்லை எடுத்தேனே தவிர, நான் கும்பிடவில்லை.

மூன்றாவதை எழுத வரும்போதுதான் யோசிக்கிறேன். உன் அண்ணனைப் படைக்கு அனுப்பிய காலையில், அதே கோயிலில், ஊரார் பார்த்திருக்க, அவன் அஞ்சாமல் போரிட வேண்டும் என்று உரக்க வேண்டினேன். திரும்பி வர வேண்டும் என்று மனதுக்குள்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பயம். அவன் அஞ்சாமல் போரிட்டான் என்றுதான் படையிலிருந்து கடிதம் வந்தது.

நாளை மறுபடி போகிறேன். நீங்கள் இருவரும் பிழைத்து வர வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பேன்.

மூன்றாவது தவறு. அடித்துவிடு.

உன் அப்பா