ஷட்டர் இறக்கிய ஒரு மணி நேரம்

பாய்,

இன்று காலை இங்கே பணிமனையில் பிரேக் ஹோஸ்கள் வந்த பெட்டியைப் பிரித்தேன். புது ரப்பர் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் நான் இங்கிலாந்தில் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், உங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், தலைக்கு மேல் ஃபேன் பெல்ட்டுகள் தொங்க நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முதன்முதலில் உங்கள் கடைக்கு நான் வந்தது இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில். கல்லூரியில் பத்துப் பேர் சேர்ந்து சின்னதாக ஒரு ரேஸ் கார் கட்டிக்கொண்டிருந்தோம். அதற்கு பிரேக் எண்ணெய் போகும் ஹோஸ் வேண்டும் என்று கேட்டேன்.

"ரேஸுக்கா? இன்னாமா, நீயா ஓட்டப் போற?"

"ஓட்டல பாய். செய்யறோம்."

"செய்யறதுக்குத்தான் கம்பெனி கீதே."

சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். ஆனால் உள்ளே போய் அரை மணி நேரம் தேடி, சரியான அளவில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். உங்கள் கடையிலிருந்து நாலு கடை தள்ளி மீன் கூடை வைத்திருந்தது என் அம்மா. கோவளத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவாள். அன்று என்னோடு கல்லூரித் தோழிகள் இருந்ததால் அம்மா பக்கம் திரும்பாமலே நடந்தேன். அடுத்த வாரம் தனியாக வந்தபோது நீங்கள் கேட்டது அவ்வளவுதான்: "மீன்கார அக்கா பொண்ணா நீ? சொல்றதில்ல?" அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் எத்தனை தோழிகள் கூட இருந்தாலும் நான் முதலில் அம்மாவிடம் போய்விட்டுத்தான் உங்கள் கடைக்கு வந்தேன்.

கடைசி வருடத்தில் ஒரு உதவித்தொகை பற்றித் தெரியவந்தது. இங்கிலாந்தில் பந்தயக் கார்ப் பொறியியலில் மேற்படிப்பு. அந்தத் துறையில் அதிகம் கண்ணில் படாதவர்களுக்கு, பெண்களுக்கு, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு என்று போட்டிருந்தது. பிரௌசிங் சென்டரில் அதை நான் மூன்று முறை படித்தேன். என்னைப் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது. எங்கள் கார் போட்டியில் பாதியில் நின்றதையும் எழுதி விண்ணப்பித்தேன். ஃபோனில் நேர்காணல், தொலைபேசி எண் அனுப்பு என்று பதில் வந்தது. எங்கள் குப்பத்தில் யார் வீட்டிலும் ஃபோன் கிடையாது. உங்களிடம் கேட்டேன்.

"என் நம்பரைக் குடு. இதுக்குப் போயி யோசிக்கறியே!"

அந்த மத்தியானம் நல்ல வியாபார நேரம். நீங்கள் ஷட்டரை இறக்கிவிட்டீர்கள். மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும் என்று அதையும் நிறுத்தினீர்கள். உள்ளே வேகிற புழுக்கம். ஒரு அட்டையில் "ஒரு மணி நேரம் கடை இல்லை" என்று எழுதி வெளியே மாட்டியிருந்தீர்கள். வாசலில் அம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஒரு ஆட்டோக்காரர் ஷட்டரைத் தட்டினார்.

"பாய்! கிளட்ச் கேபிள் பாய்!"

"யோவ், தட்டாதய்யா! உள்ள என் பொண்ணு சீமைக்காரங்ககிட்ட பேசப் போவுது" என்று அம்மா சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. நீங்கள் ஷட்டருக்கு அடியில் ஒரு கேபிளை நீட்டி, "வாய மூடிக்கினு போ, அப்புறம் பேசிக்கலாம்" என்றீர்கள்.

மணி அடித்தது. அந்தப் பக்கம் ஒரு பெண், ஒரு ஆண். அந்த அம்மாள் பேசியது புரிந்தது. அந்த ஆண் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. ஆங்கிலமா என்றே சந்தேகம் வந்தது. கேள்வி முடிந்தது மட்டும் குரலில் தெரிந்தது.

"யெஸ் சார்" என்றேன்.

மறுபடி ஏதோ கேட்டார். "யெஸ் சார்." மூன்றாவது முறையும் அதுதான். ரிசீவர் கையில் வழுக்கியது. கண்ணில் நீர் முட்டியது. புரியவில்லை என்று சொன்னால் இங்கிலீஷ் தெரியாத பெண் என்று அப்போதே ஃபோனை வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

நீங்கள் எதிரே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு காலிப் பெட்டியைக் கிழித்து, மார்க்கரால் எழுதி என் முன் நீட்டினீர்கள். "புரியலன்னா கேளு." நான் தலையை ஆட்டி மறுத்தேன். அட்டையைத் திரும்ப வாங்கி, "கேளு" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு மறுபடி நீட்டினீர்கள். உங்கள் நெற்றியிலிருந்து வேர்வை அந்த எழுத்தின்மேல் சொட்டியது.

"மன்னியுங்கள். நீங்கள் கேட்ட கடைசி மூன்று கேள்விகளும் எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடியுமா?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்தப் பக்கம் அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அவர் ஸ்காட்லாந்துக்காரர். பத்து வருஷமாகக் கூட வேலை செய்கிறேன், எனக்கே பாதி புரிவதில்லை" என்றார். அவரும் சிரித்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். உங்கள் கார் ஏன் இரண்டாவது சுற்றில் நின்றது? அது யாருடைய தவறு? அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?

அது யாருடைய தவறு என்ற கேள்விக்கும் நான் "யெஸ் சார்" சொல்லியிருந்தேன்!

உண்மையைச் சொன்னேன். தவறு என்னுடையது. பிரேக் ஹோஸைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனது நான்தான். சூட்டில் உருகிவிட்டது. பிறகு காரின் இரும்புச் சட்டத்துக்கு உள்பக்கமாக வழி மாற்றி, தகட்டால் மறைப்பு வைத்து, மூன்று நாள் ஓட்டிச் சோதித்தோம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே திரும்பக் கிடைத்தது. நான் ஃபோனை வைத்ததும், சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்த நீங்கள் எழுந்து மின்விசிறியைப் போட்டீர்கள்.

"உனக்கு எப்டி பாய் தெரிஞ்சுது, இவளுக்குப் புரியலன்னு?" என்று அம்மா டீ குடிக்கும்போது கேட்டாள்.

"அட போக்கா. ஒருவாட்டி பம்பாய்க்காரன் ஃபோன்ல இன்னாவோ கேட்டான். நானும் புரியாம யெஸ் யெஸ்னேன். பைக் செயின் கேட்டா டிராக்டர் ஃபில்டர் வந்து எறங்குது, ஒரு லோடு! பேஜாராப் பூட்சு. அன்னிக்கு என் மூஞ்சி இப்டித்தான் இருந்திருக்கும்."

மூன்று பேரும் சிரித்தோம். அம்மாவுக்குப் புரை ஏறியது.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. படிப்பு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. உங்களிடம் ஓடி வந்து நன்றி சொல்ல வாயெடுத்தேன். "சரி சரி, அங்க குளுராம். ஸ்வெட்டர் வாங்கினியா?" என்று கேட்டுவிட்டு, வந்தவருக்கு ஸ்பார்க் பிளக் எடுக்கத் திரும்பிவிட்டீர்கள். அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை, கடை மூடியிருந்தது. அடுத்த தடவை எனக்கு அவசரம். அதற்கப்புறம் நீங்கள் இல்லை. அம்மா உங்கள் வீட்டுக்குப் போய் நாள் முழுக்க உங்கள் மனைவியோடு உட்கார்ந்திருந்தாளாம். நானும் உட்கார்ந்திருக்க வேண்டும், பாய்.

உங்களிடம் நேரில் சொல்லத்தான் ஒன்றை வைத்திருந்தேன். இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பந்தயத்தில் ஓட்டுநரோடு ரேடியோவில் பேசுவது என் பொறுப்பு. மழை. காதில் இரைச்சல். அவர் ஏதோ சொன்னார், பாதி அறுந்து வந்தது. பக்கத்தில் ஆறு ஆண்கள், என்னைவிட அனுபவசாலிகள். எல்லோரும் புரிந்ததுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பொத்தானை அழுத்தி, "எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்றேன். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஓட்டுநர் மறுபடி சொன்னார். பிரேக் மிதி தரைவரை போகிறதாம். உடனே ஓட்டத்தை விட்டு உள்ளே வரச் சொன்னேன். கழற்றிப் பார்த்தால் பிரேக் எண்ணெய் முக்கால்வாசி ஒழுகிப்போயிருந்தது. அவர் உள்ளே வராமல் இருந்திருந்தால் அடுத்து வந்திருப்பது மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் திரும்பும் வளைவு.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேரே என்னிடம் வந்தார். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அப்போது கைக்குழந்தை ஒன்று இருந்தது. இப்போது அது பள்ளிக்கூடம் போகிறது.