விலகாமல் நின்ற பையன்

வெல்டன்
ஆகஸ்ட் 19, 1979

அன்பு மகன் டேரிலுக்கு,

கிளாரன்ஸ் மாமா வீட்டு முகவரிக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. போன் செய்தால் மாமா, "சாப்பிடறான், படகை எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போறான், வாயைத்தான் திறக்க மாட்டேங்கிறான்" என்கிறார். நீ சாப்பிடுகிறாய் என்று கேட்டதில் அம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேஸ்பால் கிளப் என்னை வெல்டனுக்கு அனுப்பியிருக்கிறது. வருடா வருடம் செய்யும் வேலைதான். சீசன் முடியப் பதினைந்து நாள் இருக்கும்போது எங்கள் கிளப்பின் சின்ன அணிகளைச் சுற்றிப் பார்த்து, தேறக்கூடிய பத்துப் பையன்களை வரிசைப்படுத்தித் தலைமை அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதில் முதல் மூன்று பேரைச் செப்டம்பரில் பெரிய அணிக்கு அழைத்துக்கொள்வார்கள். இருபத்தேழாம் தேதிக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும். இதுவரை பார்த்ததில் ஒரு நெட்டையன் தொண்ணூற்று நாலு மைல் வேகத்தில் எறிகிறான். பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியவில்லை. வெனிசுவேலாப் பையன் ஒருவன் மான் மாதிரி ஓடுகிறான், ஆனால் வளைந்து வரும் பந்தைக் கண்டால் முழிக்கிறான். இவர்களுக்கெல்லாம் மேலே, எல்லோருடைய பட்டியலிலும் முதலாவதாக இருப்பவன் யார் என்று உனக்குத் தெரியும். எம்மெட் சயர்.

என் மேலதிகாரி ஹால்பர்ட், "உன் பையன் அடிச்ச பையன் இருக்கிற அணிப்பா அது, வேற ஆளை அனுப்பட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் கண்ணால் பார்த்து உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறான், டேரில். ஜூலையில் எதிரணியிலிருந்து நீ எறிந்த பந்து பட்டு உடைந்த கன்ன எலும்பு கூடிவிட்டது. இடது கண்ணுக்குக் கீழே லேசாக ஒரு மஞ்சள் தடம், அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் ஆட வந்துவிட்டானாம். நேற்று இரண்டு முறை நல்ல அடி அடித்தான். தரையோடு வரும் பந்தை அவன் எடுக்கும் விதம் இருக்கிறதே, இருபத்தாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படிப்பட்ட கைகளை நாலு பேரிடம்தான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழாவது இன்னிங்ஸில் எதிரணிக்காரன் எறிந்த பந்து கை நழுவி அவன் முகத்தை ஒட்டி வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அலறிவிட்டார்கள். நான் எழுந்தே விட்டேன். எம்மெட் தலையைக்கூட அசைக்கவில்லை; பந்து மூக்கை உரசாத குறையாகப் போயிற்று. அணியின் மேனேஜர் பெனடெட்டோ என்னிடம் வந்து, "பயம்னா என்னன்னே தெரியாத பய சார் இவன்" என்றார். என் நோட்டில் 'துணிச்சல்' என்ற இடத்தில் மிக உயர்ந்த மதிப்பெண் போட்டேன். உனக்குச் சொல்வதற்காகவே போட்டமாதிரி இருந்தது.

ஆகவே மகனே, மனதைத் தேற்றிக்கொள். நீ ஒரு பையனை அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அந்தக் குளிர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. அவன் விளையாடுகிறான். நீயும் திரும்பலாம்.

அம்மாவின் தக்காளி இந்த வருடம் தாமதமாகத்தான் பழுக்கிறது. ஒரு வரி எழுது.

உன் அப்பா

---

வெல்டன்
ஆகஸ்ட் 22, புதன்

அன்பு டேரில்,

ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போடாமல் இருந்திருக்கக் கூடாதா என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதையும் எழுதலாமா என்று யோசித்தேன். நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைக்க என்னால் முடியவில்லை.

எம்மெட் தைரியசாலி என்று எழுதினேன் அல்லவா? திங்கட்கிழமை மத்தியானம் இன்னொரு பந்து அவன் தலைப்பக்கம் வந்தது. அப்போதும் அசையவில்லை. சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. துணிச்சல்காரனும் கண்ணைச் சிமிட்டுவான், டேரில். தோளாவது இறுகும். இவன் பந்து கடந்து போன பிறகுதான் திடுக்கிட்டான்.

அதற்குப் பிறகு நோட்டை மூடிவிட்டு அவனை மட்டும் பார்த்தேன். வெளிப்பக்கமாக வரும் பந்தை அடிக்கிறான். உடம்புப் பக்கம் வருவதைத் தொடுவதே இல்லை. மட்டையோடு நிற்கும்போது முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே, பந்தெறியும் பிட்ச்சர் பக்கம் திருப்பிக்கொள்கிறான். ஜூன் மாதம் வேறொருவர் எழுதிய குறிப்பில் இது இல்லை.

நேற்றுக் காலை மைதானத்துக்கு எதிரே இருக்கும் சிற்றுண்டிக் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். நான் வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. பரிமாறும் பெண் முட்டைத் தட்டை இடப்பக்கமாக நீட்டினாள். காபிக் கோப்பையை எடுக்கப் போன அவன் முழங்கை பட்டு, தட்டு தரையில் விழுந்து உடைந்தது. அந்தப் பெண், "இந்த வாரத்துல மூணாவது தட்டுப்பா! மைதானத்துல பந்தைப் பிடிக்கிற, இங்க ஒண்ணும் பிடிக்க மாட்டேங்கிறியே" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

அவள் உள்ளே போனதும், "இடது கண்ல எவ்வளவு தெரியுது?" என்று கேட்டேன்.

முதலில் நன்றாகத் தெரிகிறது என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "மூக்குப் பக்கம் தெரியுது சார். வெளி ஓரத்துல ஒரு கறுப்புத் திரை. முதல்ல நூல் மாதிரி இருந்துச்சு. இப்ப பாதி வந்துடுச்சு. அப்பப்ப மின்னல் வெட்டுது." கிளப் டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னபோது நடுவில் தெரிந்ததை வைத்துச் சமாளித்துவிட்டானாம். "இன்னும் பதினோரு மேட்ச்தான் சார். பட்டியல் போகட்டும். பெரிய அணி கூப்பிட்டதும் நானே சொல்லிடறேன். எங்க ஊர்ல என் அண்ணனுங்க ரெண்டு பேரும் சுரங்கத்துல இருக்காங்க. எனக்கு இதை விட்டா அதுதான்" என்றான்.

பிறகு என் பெயரைக் கேட்டான். அதுவரை நான் கிளப் ஆள் என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும். கிராண்ட்ஸ் என்றேன். என்னை முழுதாகப் பார்ப்பதற்குத் தலையை நன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது அவனுக்கு. "பிட்ச்சர் கிராண்ட்ஸோட அப்பாவா?" என்றான். ஆமாம் என்றேன். மிச்சக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

நேற்றே நான் பெனடெட்டோவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு நாள் யோசிக்கிறேன் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். இன்று மழையால் ஆட்டம் நின்றது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். உண்மை என்னவென்றால், நான் சொல்லிவிட்டால் அது ஊர்ஜிதமாகிவிடும். உன் பந்து பட்டு ஒரு பையனுக்குக் கண் போயிற்று என்பது காகிதத்தில் ஏறிவிடும். அதை நானே என் கையால் எழுத வேண்டும்.

நாளை மத்தியானம் எம்மெட்டின் அணிக்கு எதிராக எறியப்போகிறவன் தொண்ணூற்றைந்து மைல் வேகக்காரன். கட்டுப்பாடு கிடையாது என்கிறார்கள்.

அப்பா

---

வெல்டன்
ஆகஸ்ட் 26, ஞாயிறு

டேரில்,

இதை முழுவதும் படித்துவிட்டு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நடுவில் நிறுத்தாதே.

வியாழக்கிழமை மட்டைக்காரர் நிற்கும் இடத்துக்குப் பின்னால், கம்பிவலையை ஒட்டி உட்கார்ந்தேன். எம்மெட் முதல் முறை மட்டையோடு வந்தான். முதல் பந்து எங்கோ வெளியே போனது. இரண்டாவது, பின்னால் பந்தைப் பிடிக்க உட்கார்ந்திருந்த கேட்சர் தலைக்கு மேலே பறந்து என் முகத்துக்கு நேரே வலையில் மோதியது. வலை முன்னால் இருந்தும் நான் கையால் முகத்தை மூடினேன். மூடிய கைக்குள்ளே இருந்தபடி நினைத்தேன், அவனுக்கு முன்னால் வலை இல்லையே. நாலு பந்தும் தவறாகப் போனதால் விதிப்படி அவன் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போனான்.

இரண்டாவது முறை வந்தபோது பந்து அவன் மார்பை ஒட்டி வந்தது. சட்டையின் மேல் பட்டனை உரசிக்கொண்டு போயிருக்கும். அவன் அப்படியே நின்றான். கூட்டம் ஆரவாரம் செய்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த கிழவர் வேர்க்கடலையை நீட்டி, "என்ன மனுஷன்யா இவன்! இரும்பு!" என்றார்.

மூன்றாவது முறை அவன் வருவதற்குள் எழுந்துவிட்டேன். படியில் இறங்கினேனா விழுந்தேனா என்று நினைவில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பெனடெட்டோ! அவனை வெளியே எடு! அவனுக்கு இடது கண் தெரியல!" என்று கத்தினேன். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். பெனடெட்டோ மைதானத்துக்குள் ஓடி, எம்மெட்டின் வலது கண்ணைப் பொத்தி, இடப்பக்கம் விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். அவன் மட்டையைக் கீழே போட்டான்.

பிறகு என்னிடம் வந்தான். அழுதுகொண்டிருந்தான். "பிள்ளை பாதி முடிச்சான். அப்பன் மீதியை முடிச்சிட்டீங்க" என்றான். அத்தனை பேரும் கேட்டார்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று மாலையே நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணின் உட்படலம் கிழிந்து பிரிந்து வந்துகொண்டிருந்ததாம். இன்னும் இரண்டு மூன்று நாளில் நடுப்பகுதியும் போயிருக்கும் என்றார் டாக்டர். இன்னொரு அடி பட்டிருந்தால் அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை என்றார். வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை பெரும்பாலும் தங்கும் என்கிறார்கள். வேகப்பந்தைப் பார்க்கும் அளவுக்குத் திரும்புமா என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஹால்பர்ட் போனில் எரிந்து விழுந்தார். செவ்வாய்க்கிழமையே தெரிந்தும் வியாழன் வரை ஏன் ஆடவிட்டாய் என்று கேட்டார். அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது, அது உன் பெயர். நான் அதைச் சொல்லவில்லை. என் கோழைத்தனத்துக்கு உன்னை முன்னால் நிறுத்த எனக்கு உரிமை இல்லை. பட்டியலை நேற்று முடித்தேன். முதல் இடத்தில் எம்மெட் பெயரையே எழுதி, எதிரே 'ஒரு வருடம் மட்டையைத் தொடக் கூடாது. கிளப் இவனைக் கைவிடவும் கூடாது' என்று எழுதினேன். அவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. அடுத்த வருடம் நான் இந்த வேலையில் இருப்பேனா என்பதும் தெரியாது.

நேற்று மத்தியானம் அவனைப் பார்க்கப் போனேன். வெளியே அனுப்பிவிடுவான் என்று பயந்துகொண்டே போனேன். இரண்டு கண்ணையும் கட்டியிருக்கிறார்கள். தலையை ஆட்டாமல் இருக்க இருபக்கமும் மணல் பை வைத்திருக்கிறார்கள். என் குரல் கேட்டதும் போர்வை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் அவனாகவே சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்:

"எனக்கு அடி பட்ட அன்னிக்கு முதல் முறை நான் உங்க பையன் பந்தை வேலிக்கு வெளியே அடிச்சேன். அடுத்த முறை வந்தப்ப, எறியறதுக்கு முன்னாடி அவன் அவங்க பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். அவங்க மேனேஜர் தொப்பியைத் தொட்டாரு, ஆள் மேல எறிங்கிற சைகை மாதிரி. அப்புறம் உங்க பையன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான் சார். எறிய இஷ்டமில்லாத மாதிரி இருந்துச்சு. அது நிஜமா, நானா நினைச்சுக்கறேனான்னு தெரியல. கண்ணைக் கட்டிட்டாங்களா, அதுதான் திரும்பத் திரும்ப வருது. அவன் ஏன் ஒரு தடவைகூட வந்து பார்க்கல?"

உனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். "எதுவா இருந்தாலும் சரி, அவனை வந்து சொல்லச் சொல்லுங்க" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ பேசாமல் இருப்பது குற்ற உணர்வால் என்று நானும் உன் அம்மாவும் நினைத்தோம். கை நழுவிய பந்துக்காக ஒருவன் ஐந்து வாரம் வாய் திறக்காமல் இருப்பானா என்று ஒரு முறைகூட நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன. எறியும் கை எந்த நேரத்தில் பந்தை விடுகிறது என்று பார்த்துச் சொல்வதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என் மகன் கையை மட்டும் நான் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

நீ என்னிடம் எதையும் சொல்ல வேண்டாம். கடிதத்தில் எழுதவும் வேண்டாம். அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

எம்மெட்டின் கட்டை வியாழக்கிழமை அவிழ்க்கிறார்கள். கிளாரன்ஸ் மாமா வீட்டிலிருந்து பஸ்ஸில் பதினோரு மணி நேரம். டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்பேன். நீ தனியாக உள்ளே போக வேண்டாம். கூட வா என்றால் வருகிறேன், வெளியே இரு என்றால் இருக்கிறேன். நீ என்ன செய்திருந்தாலும் நீ என் பிள்ளைதான். இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

கடவுள் உன் கூட இருப்பார். வந்துவிடு, கண்ணு.

அப்பா