புளி போட்டுத் தேய்த்த காசு

இன்றைக்கு ஹென்டர்சனில் மாதா கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மணம் கையில் ஏறியதும் நீ வந்து நின்றாய், மச்சான். செத்தும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான்.

ஊரில் விட்டுவந்த மனுசிமாருக்கு விசா வரும்வரைக்கும் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரே வீட்டில் இருந்தோமே. மற்றவர்கள் சனிக்கிழமைச் சந்தையில் பழைய கதிரை மேசை வாங்குவார்கள். நீ பச்சை பிடித்த ஒரு வெண்கலக் காசு வாங்கி வந்தாய். ரோமர் ஆண்ட காலத்தில் ஏதோவொரு கிரேக்கப் பட்டணம் தானே அடித்த காசு. ஒரு பக்கம் ரோமச் சக்கரவர்த்தியின் தலை. மற்றப் பக்கம் ஊர்த் தெய்வம், தன் ஊர் மதிலையே கிரீடமாகச் சூடிக்கொண்டு. அவளைச் சுற்றி ஊரின் பெயர். "ஆள்றவன் ஆராயிருந்தாலும் பரவாயில்லை, மச்சான். பின்பக்கம் எங்கட ஊர்ப்பேர் இருக்கோணும், அவ்வளவுதான்" என்பாய். பச்சைக்குள் மூன்று எழுத்துத்தான் தெரிந்தது. நூலகப் புத்தகமும் பூதக்கண்ணாடியுமாக மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாய்.

உன் பிறந்தநாளுக்கு முதல் நாள் நான் என்ன செய்தேன்? எங்கட ஆக்கள் செய்கிறதைத்தான். வெண்கலம் கறுத்தால் புளி. புளியும் உப்பும் போட்டு, சட்டி தேய்க்கிற கம்பித்தும்பால் உரஞ்சினேன். பெயர் பளிச்சென்று தெரியும், நீ என்னைக் கட்டிப்பிடிப்பாய் என்று நினைத்தேன், விசரன். எழுத்து அந்தப் பச்சைக்குள்ளேதான் இருந்திருக்கிறது. பச்சை போக அதுவும் போயிற்று. சக்கரவர்த்தியின் மூக்கு மட்டும் மினுங்கியது.

நீ கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஊரைத் துடைச்சுப்போட்டாய்" என்றாய், ஒரேயொரு தரம். அடுத்த கிழமை நகரத்தின் தெற்குக் கோடிக்கு, பாபகூராவுக்குக் குடிபோய்விட்டாய். போன் எடுத்தால் வைத்தாய். கிறிஸ்மஸ் பூசையில் என்னைக் கண்டு எழும்பிப் போய் வேறு வாங்கில் இருந்தாய். மன்னிப்புக் கேட்க ரயிலேறி வந்தவனுக்குக் கதவுகூடத் திறக்கவில்லை. ஒரு காசுக்காகவாடா? எனக்கு இப்பவும் பத்திக்கொண்டு வருகிறது.

உன் செத்தவீட்டில் உன் மனுசி அந்தக் காசை என் கையில் வைத்தாள். "இதைச் சட்டைப் பையில போட்டுக்கொண்டுதான் திரிஞ்சவர், அண்ணை. பிறந்தநாளுக்கு நீங்கள் தந்ததெண்டு சொன்னவர்."

பாவி, அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே.

இப்போது அது என் சட்டைப் பையில். திரும்பவும் கறுக்கத் தொடங்கிவிட்டது. ஊர்ப்பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினால் வழுவழுவென்று ஒன்றுமில்லை. விளக்குத் தேய்க்கிற நாளில் மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.