பாசிலாவுக்குச் சொன்ன தேதி

ஜூலை 2, புதன்

காலைக் கூட்டத்தில் எழிலரசன் சார் புது வேலையைத் தலையில் கட்டினார். சின்ன ஓட்டல்களில் வேலை பார்ப்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு பற்றி ஓர் ஆன்லைன் கோர்ஸ், ஒன்பது பாடங்கள். எழுதிக் குரல் கொடுப்பது ஜெகதாப்பட்டினம் பாசிலா. அதை வீடியோ ஆக்குவது அரிமளம் ரகுநாத். இரண்டு பேரையும் விரட்டிக்கொண்டு, சென்னை ஆபீசுக்கும் கிளையண்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டு அறந்தாங்கி வீட்டு மாடியறையில் உட்கார்ந்திருப்பது நான். இதற்கு ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் என்று பெயர். கேட்பவர்களிடம் என் மாமியார் 'போன்ல பேசுற வேலை' என்கிறார். அதுவும் சரிதான்.

பாசிலா பாடங்களைத் தரவேண்டிய நாள் ஜூலை 31. நான் அவளுக்குச் சொன்னது 18. வழக்கம்போலத்தான். ரகுநாத்திடம் உண்மைத் தேதியைச் சொன்னால் அதற்கு மேல் பத்து நாள் இழுப்பான். முன்தேதி சொன்னால் இழுத்தும் நேரத்துக்கு வந்து சேரும். இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்துகொள்வோம். பாசிலாவுக்கு மட்டும் தெரியாது. நான் சொன்ன தேதியை அப்படியே நம்பி ஒரு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுவாள். இன்றும் உடனே குரல் செய்தி வந்துவிட்டது: "இன்ஷா அல்லாஹ் முடிச்சிருவேன் லாத்தா." அக்கா முறை வைத்து என்னை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

ஜூலை 7, திங்கள்

பாசிலா போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் உமர் பாரூக் மூன்று வருடம் கழித்து கத்தாரிலிருந்து வந்திருக்கிறார். 20ஆம் தேதி திரும்புகிறார். வேலையை ஒரு வாரம் தள்ளிக்கொள்ளலாமா, அவர் போனபிறகு ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்துத் தருகிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். இத்தனை நாளில் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

கிளையண்ட் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் தயாராக இருந்தது. கிளையண்டிடம் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. தள்ளிக்கொடுக்க என் கையிலேயே நாள் இருந்தது.

"சரிங்க லாத்தா, ஒங்களுக்குக் கெட்ட பேரு வரக்கூடாது" என்றாள்.

காலையில் சவூதி தம்மாமிலிருந்து என் வீட்டுக்காரர் பேசியிருந்தார். அவருக்கு இந்த வருடம் லீவு இல்லையாம்.

ஜூலை 8, செவ்வாய்

மீன் ஆனம் வைத்தேன், குழம்பு அடிப்பிடித்துவிட்டது. எழுத வேறொன்றும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஒன்பது பாடங்களும் குரல் பதிவோடு வந்துவிட்டன. ஒரு நாள் முன்னாலேயே. எழிலரசன் சார் குழுவில் கைதட்டும் படம் போட்டு, மிஸ்பாவின் டீம் என்றால் மிஸ்பாவின் டீம்தான் என்று எழுதினார். நன்றி சார் என்று பதில் போட்டேன்.

இன்னும் மூன்று நாள் அவளுக்கு முழுசாக இருக்கிறதே, போதாதா? யாரிடம் கேட்கிறேன் இதை?

ஜூலை 21, திங்கள்

ரகுநாத் கூப்பிட்டான். "மேடம், ஏழாம் பாடத்துல நடுவுல ஒரு ஆம்பளைக் குரல் வருது. வெட்டிரவா?" கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அந்தப் பதிவை வாங்கினேன்.

காய்ச்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று பாசிலா நிதானமாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். கதவு திறக்கிற சத்தம்.

"வண்டிய வெளிய எடுத்து நிறுத்திட்டேன். வாரியா இல்லையா?"

"செத்த இருங்க, ரெக்கார்டு ஆகுது."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

அவ்வளவுதான். கதவைக்கூட அவர் மெதுவாகத்தான் சாத்தியிருக்கிறார். பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அதே நிதானத்தோடு மறுபடி தொடங்குகிறாள். காய்ச்சிய எண்ணெயை—

வெட்டிவிடுங்கள் என்று ரகுநாத்திடம் சொன்னேன். என்னிடம் இருப்பதை அழிக்க மனம் வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

கிளையண்ட் பக்கத்தில் பொறுப்பாளர் மாறிவிட்டாராம். பாடங்களைச் செப்டம்பரில்தான் பார்ப்பார்களாம். நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்கிறார் எழிலரசன் சார்.

31கூட இல்லை. செப்டம்பர்.

ஜூலை 25, வெள்ளி

ஜும்ஆ தொழுகை நேரம் முடிந்ததும் பாசிலாவுக்கு நானே போன் போட்டேன். வீட்டுக்காரர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

லீவு முழுக்க அவர் கோபமாகவே இருந்தாராம். தன் அக்கா வீட்டு விருந்துக்குத் தனியாகப் போயிருக்கிறார். நாகூருக்கு ஒருநாள் போய்வரலாம் என்றிருந்தார்கள், அதுவும் நடக்கவில்லை. எவளோ ஒருத்தி போனில் சொன்னால் புருஷன்கூட வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். லாத்தா காரணம் இல்லாமல் அவசரப்படுத்த மாட்டார்கள் என்று இவள் எனக்காகச் சண்டை போட்டிருக்கிறாள். கடைசியில் ஏர்போர்ட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். போனதிலிருந்து பிள்ளையிடம் மட்டும்தான் பேசுகிறாராம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "பாடமெல்லாம் கிளையண்டுக்குப் புடிச்சிருந்துச்சா லாத்தா?" என்று கேட்டாள்.

புடிச்சிருந்துச்சு என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

தூங்கி எழுந்தும் அதே நினைப்பு. எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

முன்தேதி சொன்னது பழக்கதோஷம் என்று இத்தனை நாள் என்னையே சமாதானப்படுத்தி வந்தேன். 2ஆம் தேதி சொன்னது பழக்கம்தான். 7ஆம் தேதி சொன்னது? அன்றைக்கு அவள் கெஞ்சினாளே. என் புருஷனுக்கு லீவு இல்லை என்று காலையில் கேட்டுவிட்டு, மத்தியானம் அவள் வாயிலிருந்து 'அவர் வந்திருக்காரு' என்று கேட்டபோது என் வயிறு எரிந்ததா இல்லையா? எரிஞ்சுச்சு. எரிஞ்சுதான் சொன்னேன். நானும்தான இங்க தனியாக் கெடக்குறேன், இவளுக்கு மட்டும் என்னன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஒரு நிமிஷம்தான். அதுக்குள்ள வாய் பேசிருச்சு.

லீவில் வந்த மனுஷனின் ஒரு நாள் என்ன விலை என்று தெரியாத ஆளா நான்? தெரிந்துதான் செய்திருக்கிறேன்.

இப்போது சொல்லாமல் விட்டால் அவர்களுக்குள் கசப்பு அப்படியே கிடக்கும். சொன்னால், தப்பு அவளுடையதில்லை என்றாவது அவருக்குத் தெரியும். சொல்ல வேண்டும். போனில் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

ஜெகதாப்பட்டினம் போய்வந்தேன். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைப் பார்க்கப் போவதுபோல.

இரண்டு வருடமாகப் போனில் பேசியவளை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். கட்டிப்பிடித்துக்கொண்டாள். குரல் பதியும் அறையைக் காட்டினாள். எதிரொலி வராமல் இருக்க, உமர் பாரூக் இந்தத் தடவை கொண்டுவந்த கம்பளியைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். பிரித்த மடிப்புகூடக் கலையவில்லை.

அங்கேயே நின்று சொல்லிவிட்டேன். உண்மைத் தேதி 31 என்றும், அவள் கேட்டபோதே தள்ளிக் கொடுத்திருக்கலாம் என்றும், பொறாமையில்தான் கொடுக்கவில்லை என்றும். மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கம்பளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

உமர் பாரூக்கிடம் நானே பேசி, தப்பு என்னுடையது என்று சொல்கிறேன் என்றேன். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அப்புறம் கேட்டாள்:

"ஒங்க வீட்டுக்காரர் வந்திருந்தா, ஒங்களுக்கு நீங்க எந்தத் தேதியச் சொல்லிக்கிட்டிருப்பீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "டீ ஆறுது, குடிங்க" என்றாள். வாசல்வரை வந்து, பார்த்துப் போகச் சொன்னாள். பஸ் பாதி தூரம் வந்தபிறகுதான் தோன்றியது, விஷயத்தைச் சொன்ன பிறகு அவள் என்னை ஒரு தடவைகூட லாத்தா என்று கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாசிலாவிடமிருந்து செய்தி: 'மேடம், மூன்றாம் பாடத் திருத்தம் அனுப்பியிருக்கிறேன்.'

மேடம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இனிமேல் எல்லோருக்கும் ஒரே தேதி, உண்மைத் தேதி என்று மாதத் தொடக்கத்திலேயே குழுவில் போட்டுவிட்டேன். ரகுநாத் போன் செய்து, உடம்பு சரியில்லையா மேடம் என்று கேட்டான். நான் நினைத்ததுபோலவே பத்து நாள் இழுத்தும் விட்டான். எழிலரசன் சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொள்கிறேன், எனக்கு வேண்டியதுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்துவிட்டது. டிசம்பர் 5 வருகிறார். சந்தோஷத்தில் மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். எனக்குத்தான் சந்தோஷப்படக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த கோர்ஸின் ஆறு பாடங்களுக்கு டிசம்பர் 12 கெடு. மறைக்காமல் குழுவில் எழுதினேன்: வீட்டுக்காரர் வருகிறார், நடுவில் நான் அவ்வளவாகக் கிடைக்கமாட்டேன், ஆனாலும் 12ஆம் தேதி வேலை வாங்கிக்கொள்ள இருப்பேன். ரகுநாத் பிரியாணிப் படம் போட்டான். பாசிலா 'சரிங்க மேடம்' என்றாள்.

பிறகு ஒரு சந்தேகம் கேட்கப் போன் செய்தவள் பாதியில், "ஒரு நிமிஷங்க மேடம், அவரு லைன்ல வாராரு, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். யாரும் போனைப் பாதியில் வைத்ததற்கு நான் இதுவரை இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நவம்பர் 28, வெள்ளி

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஆறு பாடங்களும் வந்து கிடக்கின்றன. எழுத்து, குரல், எல்லாம். கெடுவுக்கு இரண்டு வாரம் முன்னால். கூடவே ஒரு குரல் செய்தி.

"மேடம், நீங்க சொன்ன தேதி பன்னெண்டுன்னு தெரியும். ஒங்க வீட்டுக்காரரு அஞ்சாம் தேதி வாராருல்ல, அதான் முன்னாடியே முடிச்சிட்டேன். திருத்தம் ஏதும் இருந்தா ரகுநாத் அண்ணன்ட்ட நான் பேசிக்கிறேன். அவரு திரும்பிப் போற வரைக்கும் என்கிட்டேருந்து ஒங்களுக்கு ஒரு போன் வராது. நிம்மதியா இருங்க."

மூன்று தடவை கேட்டேன். லாத்தா என்று எங்கேயும் வரவில்லை.