விமலா வீட்டுப் புதன்கிழமை

என் பிரியமான மெர்சி அண்ணி,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. சபைப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நம் சபையில் சீஷத்துவம் எப்படி வளர்ந்தது என்று எழுத வேண்டுமாம். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல வரவில்லை. இதை அவர்கள் போட மாட்டார்கள், தெரியும். வேறு யாராவது போட்டால் போடட்டும். விமலா என்பது அவருடைய நிஜப் பெயர் இல்லை. எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சீஷத்துவம் என்ற சொல்லே உங்களுக்குப் பிடிக்காது. "இயேசுவுக்குச் சீடரா வாழப் பழகுறதுக்கு அவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் வேணாம் ஸ்டெல்லா. ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து பேசினா போதும்" என்பீர்கள். சபைப் பெண்களை அப்படித்தான் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டீர்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் மற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். வேதத்தில் ஓர் அதிகாரம் வாசிக்க வேண்டும். பிறகு எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் ஜோடி விமலா. புதன்கிழமை மதியம் பொன்மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் போவீர்கள். முட்டி வலியோடு ஏன் இப்படி அலைகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நம் சபைக் கோயிலிலேயே பார்க்கலாமே என்று நான்தான் கேட்டேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணி?

உங்கள் அடக்கம் முடிந்து ஒரு மாதத்தில் சபைக் கமிட்டி இந்த வேலையை என்னிடம் கொடுத்தது. நான் கணக்கு டீச்சர், எதையும் ஒழுங்குபடுத்தாமல் விட மாட்டேன். பன்னிரண்டு பாடத்தில் ஒரு புத்தகம் தயார் செய்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹாலில் வகுப்பு, வாட்ஸ்அப் குரூப், கடைசியில் சான்றிதழ். எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. வீடுகளுக்குப் போக வேண்டாம் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. தானாகவே நின்றுபோயிற்று.

விமலாவை என் ஜோடியாக எழுதிக்கொண்டேன். வகுப்பில் அவர் நோட்டுதான் முதல். மன்னிப்பைப் பற்றிய பாடத்துக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தார். இப்படித்தான் எழுத வேண்டும் என்று எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் தலை நிமிரவே இல்லை. கூச்சம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றார். தைலம் போடச் சொன்னேன். பார்த்து நடங்க என்றும் சொன்னேன்.

பிறகு மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. கும்பிடும் கைப் படம் போட்டு ஒரு மெசேஜ் அனுப்பினேன். அவர் கணவரிடம் கேட்டேன். கமிட்டியில் இருக்கிறாரே, ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர், அவர்தான். "அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்காங்க" என்று சிரித்தபடி சொன்னார். நானும் சிரித்தேன்.

விமலாவின் அக்காதான் எனக்குப் போன் செய்தார். தங்கை கையில் கட்டோடு துறையூரில் தன் வீட்டில் இருக்கிறாள், குழந்தையும் கூட இருக்கிறது, சபையிலிருந்து யாரும் வர வேண்டாம் என்கிறாள், ஆனாலும் உங்களுக்குத் தெரியட்டும் என்றார். அந்தச் சனிக்கிழமையே போனேன்.

விமலா என்னைப் பார்த்து அழவில்லை. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கல்யாணமான இரண்டாவது மாதத்திலிருந்து என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

"புஸ்தகத்துல என்ன கேட்டிருந்தீங்களோ, அதுக்கு நான் சரியாத்தான் எழுதினேன், டீச்சர்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். பிறகு உங்களைப் பற்றிப் பேசினார்.

"மெர்சி அக்காவுக்குத் தெரியும். புதன்கிழமை அவங்க வருவாங்கன்னு அவருக்கும் தெரியும். செவ்வாக்கிழமை கை ஓங்க மாட்டாரு. அவங்க வந்து முகத்தைப் பாப்பாங்கல்ல. அவங்க போனப்புறம் எல்லா நாளும் ஒண்ணாயிடுச்சு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அது ஒன்றுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் புத்தகம் அச்சடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த ஒரு நாளும் இல்லாமல் போயிருக்கிறது.

நம் சபை ஆயரிடம் போனேன். ஜெபிப்போம், பக்குவமாகப் பேசுகிறேன் என்றார். பேசினாரா என்று தெரியவில்லை. அப்புறம் அண்ணனிடம் போனேன். கமிட்டியில் அவர் சொன்னால் எடுபடும் என்று நம்பினேன். நான் சொல்லி முடிக்கும்வரை அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மெர்சி உயிரோட இருந்தப்பவும் இதத்தான் வந்து சொன்னா. அவகிட்ட சொன்னதத்தான் உனக்கும் சொல்றேன். குடும்ப விஷயத்துல சபை தலையிட முடியாது."

அப்படியானால் அண்ணனுக்கு அப்போதே தெரியும். நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், அவர் முடியாது என்றிருக்கிறார், நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறீர்கள். வேறு வழியில்லாமல்தான் போனீர்களா? அந்த வீட்டில் உட்கார்ந்து அந்தக் கணவர் கையால் காபி வாங்கிக் குடித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது? ஒரே மேஜையில் அண்ணனோடு எப்படிச் சாப்பிட்டீர்கள்? நான் உங்களைத் தைரியசாலி என்றே நினைத்திருந்தேன். உங்களுக்கும் கை கட்டிப்போட்டது போலத்தான் இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு விமலாவின் கணவர் வேதபாடம் வாசித்தார். கணீரென்ற குரல். எழுந்து நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. வாசித்து முடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். முப்பது வருடமாக வகுப்பில் சத்தம் போட்டவள், அண்ணி. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. வகுப்பை மட்டும் நிறுத்திவிட்டேன். உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னேன். அதுவும் பொய்.

இப்போது சனிக்கிழமைகளில் துறையூர் போகிறேன். முதல் வாரம் வேதத்தை எடுத்தேன். "இன்னைக்கு வேணாம் டீச்சர், சும்மா இருங்க" என்றார். சும்மா இருந்தேன். பெரும்பாலும் குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். நான் போவதால் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை.

போன வாரம் கிளம்பும்போது கேட்டார்: "மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாமான்னு யோசிக்கிறேன். கூட வருவீங்களா?"

வருகிறேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அண்ணனிடம் கேட்டதற்கு, உன் பேரு அங்கே வந்தால் நம் வீட்டுப் பேரும் வரும், அதற்கப்புறம் இந்த வாசல்படி மிதிக்காதே என்றார். அது நீங்கள் வாழ்ந்த வீடு. சுவரில் உங்கள் படம் இருக்கிறது. அங்கே போகாமல் எனக்கு முடியுமா என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணி. போனாலும் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விமலாவின் கணவர் சபையில் தொடர்ந்து வாசிப்பார், நான்தான் வெளியே நிற்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று காலை விமலாவுக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்று சொன்னேன். அவர் இன்னும் நாள் சொல்லவில்லை, சொல்லாமலே விட்டுவிடவும் கூடும். ஆனால் எந்த நாள் கூப்பிட்டாலும், ஸ்கூல் நாளானாலும், நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இதை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். இனிமேல் மாற்ற முடியாது.

உங்களுக்கு நாத்தனாராக வாய்த்து, தங்கையாகவே ஆகிப்போன,
ஸ்டெல்லா
பொன்மலை, திருச்சி